ஓட்டை விழாத இலை

வளைகுடாவில், முவைலா பகுதியின் ஒரு குடியிருப்பில் தமிழ்க் குடும்பங்கள், வண்ணத்துப்பூச்சிகள் முட்டையிட்டுப் பெருகட்டும் என்று எருக்கஞ்செடிகள் வைத்து இரண்டு மாதமாகிவிட்டது. பூச்சிகள் வந்து முட்டையிட்டன. புதிதாக ஒன்றுகூடப் பிறக்கவில்லை.

“கொசு மருந்து அடிக்கிற விஜின்தான் காரணம்,” என்றாள் நர்ஸ் எப்சிபா. எல்லாரும் கையெழுத்துப் போட்டு, அவன் கம்பெனிக்குப் புகார் அனுப்பினார்கள்.

“டேங்கைத் தூக்கிட்டு நான் இந்தப் பக்கம் வந்ததே கெடையாது சிஸ்டர். ஒரே ஊர்க்காரங்க, நீங்களே நம்பலன்னா எப்படி?” என்றான் விஜின். யாரும் நம்பவில்லை. வேலை போய், விசா கேன்சலாகி நேற்று விமானம் ஏறிவிட்டான்.

இன்று காலை குடியிருப்பின் வாட்ச்மேன் கார்மேகம் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். “நீங்க ஒருத்தர்தான் அண்ணே இதை ஒழுங்கா பாக்குறீங்க,” என்றாள் எப்சிபா.

அவர் சிரித்தார். “ஊர்ல எருக்க வெட்டி எறிவோம். நீங்க வளக்கச் சொல்லிட்டீங்க, விட்டுருவேனா? தெனம் டூட்டிக்கு முன்னாடி வந்து, புழுவையெல்லாம் கையாலயே பொறுக்கி நசுக்கிடுவேன். எந்த இலையிலயாவது ஓட்டை இருக்கா பாருங்க.”

எப்சிபா பார்த்தாள். ஓர் ஓட்டைகூட இல்லை. செடி எதற்கென்று அவரிடம் யாருமே சொல்லியிருக்கவில்லை.

“ஏன் சிஸ்டர், எதாச்சும் தப்பா?”

“இல்லண்ணே,” என்றாள்.

புகாரில் முதல் கையெழுத்து அவளுடையது.