கை தட்டாத வீடு

அவள் எழுந்து நின்றாள். அரங்கம் முழுவதும் எழுந்தது.

ரோதியோன் நினைவாக ஒரு நிமிட மௌனம் என்று நகரத் தலைவர் மேடையில் சொல்லி முடித்திருந்தார்.

இன்றுதான் இந்த அரங்கத்துக்கு அவள் கணவனின் பெயரை வைத்திருக்கிறார்கள். சற்று முன்புவரை இளைஞர்கள் அவன் பாடல்களை மேடையில் முழக்கினார்கள். கூரை அதிரக் கைதட்டல். அவள் மட்டும் தட்டவில்லை. அந்தக் கைதட்டல் பாடிய பிள்ளைகளுக்கு உரியது.

இப்போது மௌனம்.

இது அவளுக்குப் பழகிய மௌனம்.

சோவியத் காலத்தில் அவன் மாதிரி ராக் பாடகனுக்கு மேடை கிடையாது. பகலில் கொதிகலன் அறையில் நிலக்கரி அள்ளிப் போடுவான். மாலையில் தங்கள் ஒற்றை அறையில் குரலைத் தணித்துப் பாடுவான். கேட்க வருகிறவர்கள் காலணிகளைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு மாடி ஏறுவார்கள். ஓசை அமுங்கட்டும் என்று கிதாருக்குள் அவள் ஒரு துண்டைத் திணித்து வைப்பாள்.

சுவருக்கும் காது உண்டு என்பார்கள். அந்தச் சுவருக்குப் பின்னால் இருந்த காதுக்குப் பெயரும் உண்டு. பக்கத்து வீட்டு அர்காதி. சத்தம் கேட்டால் உடனே போலீசுக்குப் போன் போட்டுவிடுவார்.

அதனால் அந்த வீட்டில் ஒரே ஒரு சட்டம். அவள் போட்டது.

யாரும் கை தட்டக் கூடாது.

பாட்டு முடியும். அவன் தலை நிமிர்ந்து பார்ப்பான். எல்லோரும் தலையாட்டுவார்கள்.

அங்கே பதிவு செய்த ஒலிநாடாதான் நகலுக்கு நகலாக நாடெங்கும் போனது. பாட்டுகளுக்கு நடுவே வரும் மௌனம் மகத்தான கலை உத்தி என்று பின்னாளில் ஒரு விமர்சகர் எழுதினார். அவள் படித்துச் சிரித்தாள். பிறகு அழுதாள்.

ஒருமுறை அவளுடைய பிறந்த நாளில், எல்லோரும் போன பிறகு, அவளுக்காக மட்டும் ஒரு புதுப் பாட்டுப் பாடினான்.

“தமாரா, ஒரே ஒரு தடவை தட்டேன். எப்படி இருக்கும்னு கேக்கணும்.”

அவள் சுவரைப் பார்த்தாள்.

“அப்புறம்,” என்றாள்.

அவன் வற்புறுத்தவில்லை. கிதாரிலிருந்து துண்டை உருவி, உதறி, மடித்து வைத்தான்.

அந்தக் குளிர்காலத்தில் நெஞ்சில் கரித்தூள் அடைத்துப் படுத்தவன் எழவில்லை. அடுத்த வசந்தத்தில் எல்லோருக்கும் மேடைகளைத் திறந்துவிட்டார்கள்.

போலீஸ் வந்திருந்தால்தான் என்ன? இரண்டு நாள் உள்ளே வைத்து அனுப்பியிருப்பார்கள். தட்டியிருக்கலாம். ஒரே ஒரு முறை தட்டியிருக்கலாம்.

அரங்கத்தில் ஒரு இருமல்கூட இல்லை. மேடையில் பெரிய படமாக அவன். அதே மாதிரி தலை நிமிர்ந்து பார்க்கிறான்.

பழக்க தோஷம், அவள் முதலில் சுவரைப் பார்த்தாள்.

பிறகு தட்டினாள்.

பக்கத்தில் நின்ற அதிகாரி திடுக்கிட்டுத் திரும்பி, உதட்டில் விரல் வைத்தார்.

அவள் இன்னும் பலமாகத் தட்டினாள்.