இரட்டை அம்புமுனை

மகள் வடிவுக்கு வந்த மூன்றாவது சம்பந்தமும் மின்னஞ்சலில் போன மொட்டைக் கடிதத்தால் முறிந்தது. மாப்பிள்ளை வீட்டார் அந்த மின்னஞ்சலை நல்லபெருமாளுக்கே அனுப்பிவைத்தார்கள். «பெண் வேறொருவருக்கு வாக்குக் கொடுத்தவள்» என்ற வரியின் இருபுறமும் வழக்கமான மேற்கோள் குறி இல்லை. இரட்டை அம்புமுனைகள் நின்றன. தம்பி கொம்பையாதான் அதை முதலில் கவனித்தார்.

"இந்தக் குறிய எவன் போடுதான்னு தெரிஞ்சாப் போதும்ணே. அவன் கை இருக்காது."

"யாரா இருந்தாலும் தாட்சண்யம் பாக்காத" என்று நல்லபெருமாளே சொல்லியிருந்தார்.

இன்று மத்தியானம் கோயில் கொடை அழைப்பிதழை வடிவு தட்டச்சு செய்து அனுப்பினாள். குலதெய்வத்தின் பெயருக்கு இருபுறமும் அதே அம்புமுனைகள். புதுச்சேரியில் பிரெஞ்சு மொழிபெயர்ப்பு வேலை பார்த்தபோது அவள் கைக்குப் பழகியவை.

"நல்லா இருக்காப்பா? சொந்தக்காரங்க குரூப்லயும் போட்டுட்டேன்" என்றாள் அடுப்படியிலிருந்து.

கொம்பையாவிடமிருந்து ஒரே வரி வந்தது. "இத அடிச்சது யாருண்ணே? வீட்டுக்கு வாரேன்."

நல்லபெருமாள் வாசல் கதவைத் தாழிட்டார். பகலில் கதவடைப்பது அந்த வீட்டு வழக்கமில்லை என்று மறுபடி திறந்துவைத்தார். கண்ணாடியை மாட்டிக்கொண்டு செல்பேசியில் மேற்கோள் குறியை அழுத்திப் பிடித்தார். வேறு குறிகள் வரிசையாக எழும்பின. தேடியது கிடைத்தது.

«எல்லாம் நான்தான். வா» என்று தம்பிக்கு எழுதினார்.

பிறகு வலது கையை நாற்காலியின் கைப்பிடியில் நன்றாகத் தெரியும்படி வைத்துக்கொண்டு, நிமிர்ந்து உட்கார்ந்தார். தெருமுனையில் வண்டிச் சத்தம் கேட்டது.