கசினோவுக்குப் புதியவர்

"காசை ஒருநாளும் கசினோக்காரரின்ரை கையிலை குடுக்கக் கூடாது மச்சான். மேசையிலைதான் வைக்க வேணும். கையிலை நீட்டினியெண்டா வந்திருக்கிறது புது ஆள் எண்டு எல்லாருக்கும் விளங்கிப்போம்."

டென்மார்க்கில் இக்காஸ்டிலிருந்து ஓகூஸ் நகரத்துக்குப் போகும் வீதியில் காரை ஓட்டிக்கொண்டே வகுப்பு நடத்தினான் மகேந்திரராசா. பக்கத்து இருக்கையில் அவனுடைய மனைவி துஷாராவின் அண்ணன் கபிலன். இரண்டு பேருக்கும் ஒரே வயது.

கபிலன் லொத்தர் டிக்கட்கூட வாங்கி அறியாதவன். முதியோர் இல்லத்தில் வேலை. வேலை விட்டால் வீடு. அப்பேர்ப்பட்டவன் தானாக வந்து, "சனிக்கிழமை நீ போகேக்கை என்னையும் கூட்டிக்கொண்டு போ" என்று கேட்டதில் மகேந்திரராசாவுக்குத் தலைகால் புரியவில்லை. சொந்தக்காரர் எல்லோரும் காறித் துப்பும் நேரத்தில் ஒரு நல்ல மனிதன் துணைக்கு வருகிறான் என்றால் சும்மாவா?

"இந்த உடுப்புக் காணுமோ?" என்று கேட்டான் கபிலன்.

"தாராளம். பாஸ்போட் கொண்டு வந்தனிதானே? வாசல்லை அதைத்தான் முதல் கேப்பினம். படமும் எடுப்பினம், பயப்பிடாதை."

"மேசையிலை?"

"காசை மாத்தி வட்டம் வட்டமா சிப் தருவினம். ரூலெட் சக்கரத்திலை பந்து சுத்தத் தொடங்கினாலும் கொஞ்ச நேரம் வைக்கலாம். 'இனிக் காணும்' எண்டு பந்தைச் சுத்துற பெட்டை சொன்னால் கையை எடுத்திட வேணும். பிறகு தொட்டியோ, மானம் போம். போனை வெளியிலை எடுக்காதை. பக்கத்திலை இருக்கிறவன் தோத்தால் 'ஐயோ பாவம்' எண்டு சொல்லிப் போடாதை."

"எவ்வளவு கொண்டு போறது?"

"தோத்தாலும் இரவு நித்திரை வாற அளவு."

"நீ அப்பிடியே கொண்டு போறனி?"

மகேந்திரராசா கண்ணாடியைத் துடைக்கும் விசையைத் தட்டினான். மழை பெய்யவில்லை.

"துஷாராவுக்கு மட்டும் தெரிய வேண்டாம் மச்சான்," என்றான். "இனி ஒருக்காப் போனால், ரண்டு பிள்ளையளையும் கூட்டிக்கொண்டு கோல்டிங்குக்கு அம்மாவிட்டைப் போயிடுவன் எண்டு சொல்லிப் போட்டாள். அவள் சொன்னால் செய்வாள். என்ரை குடும்பம் அதோடை சரி."

"தெரிஞ்சும் ஏன் போறாய்?"

"பக்டரியிலை இருபது வருசமா பெல்ட்டுக்கு முன்னாலை நிக்கிறன். என்னை ஒருத்தனும் நிமிந்து பாக்கிறேல்லை. அங்கை நான் வைச்ச நம்பர் விழுந்துது எண்டு வை... மேசையைச் சுத்தி நிக்கிற அவ்வளவு வெள்ளையளும் என்னைத்தான் பாப்பினம். அதைச் சொல்ல ஏலாது மச்சான். வாயாலை சொல்ல ஏலாது."

கபிலன் தன் பாஸ்போட்டை எடுத்து விரித்துப் பார்த்துவிட்டு மறுபடியும் பைக்குள் வைத்தான்.

ஓகூஸில் கசினோ வரவேற்பு மேசையில் இருந்த பெண் மகேந்திரராசாவின் பாஸ்போட்டை வாங்கினாள். திரையைப் பார்த்தாள். இன்னொரு முறை பார்த்தாள். பிறகு மிகவும் மரியாதையாக, உள்ளே விட முடியாது என்றாள். அவன் பெயர் தடைப் பட்டியலில் இருக்கிறதாம்.

சூதை விட முடியாதவர்கள் தங்களைத் தாங்களே தடுத்துக்கொள்ள அரசாங்கம் வைத்திருக்கும் பட்டியல் அது. மிட்ஐடி என்கிற மின் அடையாளத்தைப் போட்டு அவரவரே பதிந்தால்தான் உண்டு. மனைவி அழுதாலும் தாய் அழுதாலும் இன்னொருவர் பெயரைச் சேர்க்க மாட்டார்கள்.

"நான் பதியேல்லை! இதென்ன விசர்க்கதை?" மகேந்திரராசாவின் குரல் உயர்ந்தது.

"உன்ரை மிட்ஐடி ஆரிட்டை?" என்று மெல்லக் கேட்டான் கபிலன்.

மகேந்திரராசாவுக்கு அப்போதுதான் உறைத்தது. வரிக் கடிதம், வங்கி, நகரசபை, பிள்ளைகளின் பள்ளிக்கூடம் என்று டேனிஷில் எது வந்தாலும் துஷாராதான் பார்ப்பாள். இரகசிய எண்ணை அவளிடம் கொடுத்துவிட்டு அவன் நிம்மதியாக இருந்து எத்தனையோ வருடம். எங்கள் ஆட்களின் வீடுகளில் இது ஒன்றும் புதினமில்லை.

"போன கிழமை நீ குளிக்கேக்கை உன்ரை போனிலை பதிஞ்சவள்," என்றான் கபிலன். "நிரந்தரமா. இதுவும் சரிவராட்டி கோல்டிங்தான் எண்டு இருக்கிறாள். வாசல்லை மறிக்கேக்கை நீ தனிய நிக்கக் கூடாது, திரும்பி வாற வழியிலை ஏதும் செய்து போடுவாய் எண்டு அழுதாள். அதுதான் நான் வந்தனான். எனக்கென்ன கசினோ?"

மகேந்திரராசா கையை ஓங்கினான். கபிலன் விலகவில்லை. ஓங்கிய கை அப்படியே இறங்கி முகத்தைப் பொத்திக்கொண்டது. நாற்பத்தாறு வயது மனிதன், வருகிறவர் போகிறவர் பார்க்க, சுவரோடு சாய்ந்து விம்மி விம்மி அழுதான்.

அழுது முடிந்தபோது நெஞ்சிலிருந்து ஒரு பாரம் இறங்கியதுபோல இருந்தது அவனுக்கு. வெட்கமாகவும் இருந்தது. இனி நினைத்தாலும் வர முடியாது என்பது இவ்வளவு ஆறுதலாக இருக்கும் என்று அவன் எதிர்பார்க்கவில்லை.

"நல்ல வேலைதான் செய்திருக்கிறாள்," என்று மூக்கைத் துடைத்தான். "வா மச்சான், வீட்டை போவம். இப்ப வெளிக்கிட்டால் பிள்ளையளோடை இருந்து சாப்பிடலாம்."

கார்ச் சாவியை எடுத்துக்கொண்டு கதவுவரை போனான். பின்னால் காலடிச் சத்தம் வராததால் திரும்பிப் பார்த்தான்.

வரவேற்பு மேசைக்கு முன்னால், தன் பாஸ்போட்டை நீட்டிவிட்டு, படம் எடுப்பதற்காகத் தலைமயிரைக் கையால் ஒதுக்கிக்கொண்டு நின்றான் கபிலன்.

"நீ காருக்குள்ளை இரு மச்சான்," என்றான் அவன் திரும்பாமலே. "பத்து நிமிசத்திலை வாறன்."