நேற்று என்ன பேசினோம்

டிவி ரிமோட்டைக்கூடத் தொடாத அப்பா, அந்தக் கருவியோடு அப்படி ஒட்டிக்கொண்டது எங்கள் எல்லோருக்கும் ஆச்சரியம். மெல்போர்னில் எனக்கு நேரமே கிடைப்பதில்லை. எனக்குப் பதிலாக, என் குரலில் அதுவே தினமும் அவரோடு பேசட்டும் என்று நான்தான் அதை வாங்கி அனுப்பியிருந்தேன்.

மூன்று வருடம் கழித்து, சொல்லாமல் கொள்ளாமல் வாசலில் வந்து நின்றேன். அப்பா கிரில் கதவுக்குப் பின்னாலிருந்து ஏற இறங்கப் பார்த்தார்.

"நான்தாம்ப்பா, திருமாறன்."

"மாறன் உள்ள பேசிட்டிருக்கான். நீங்க யாரு?"

என்னை 'டா' போடாமல் அவர் கூப்பிட்டதே இல்லை.

"என்னப்பா, என்னைத் தெரியலையா?"

"ஜாடை அவன் ஜாடைதான். நேத்து நாம என்ன பேசினோம், சொல்லுங்க."

நான் கிரில் கம்பிகளுக்கு அருகே முகத்தைக் கொண்டுபோனேன்.

அப்பாவின் கை தயங்கித் தயங்கித் தாழ்ப்பாளைத் தொட்டது. உள்ளேயிருந்து என் குரல் கேட்டது.

"திறக்காதீங்கப்பா. அது நான் இல்ல."