தூளி கட்ட நல்ல இடம்

"ஏங்க, இந்த இடத்துல தூளி கட்டலாமா?"

"தாராளமா கட்டுங்க. இன்ஜின் சத்தம் வராது, கக்கூஸ் நாத்தம் அடிக்காது. தலைக்கு நேரா பல்பு இல்ல, பூச்சியும் விழாது."

லாஞ்சின் மேல்தளத்தில் பயணிகள் படுத்துப்போகத் தூளி மாட்டுகிற கொக்கிகளில் இருப்பதிலேயே நல்லது அது. என் தூளிக்கு அடுத்தது.

அவள் பெயர் நெல்சி. சான் எலோயில் அத்தை வீட்டுக்குப் போகிறாளாம். நானும் சான் எலோய்க்குத்தான் என்றேன்.

பொய். நான் பயணியே இல்லை.

ஹுவாயாகா ஆற்றில் எங்கள் துறையில் காலி லாஞ்சில் யாரும் ஏறமாட்டார்கள். 'இன்று கட்டாயம் கிளம்பும்' என்று கேப்டன் கரும்பலகையில் எழுதி வைத்திருப்பார். போன வாரமும் அதுவேதான் எழுதியிருந்தது. சனங்கள் பலகையை நம்புவதில்லை. மேலே எத்தனை தூளி தொங்குகிறது என்று அண்ணாந்து பார்ப்பார்கள். அதற்காகத்தான் கேப்டன் என்னைத் தொங்கவிட்டிருக்கிறார்.

மதியச் சோறு உண்டு, கைச்செலவுக்குக் கொஞ்சம் சோல் காசு உண்டு. தளம் நிறைந்து இரண்டாவது சங்கு ஊதினால் தூளியைச் சுருட்டிக்கொண்டு நைசாக இறங்கிவிடுவேன். சான் எலோய் மூன்று நாள் தூரம். நான் ஒருநாளும் போனதில்லை. ஆனால் எப்படிப் போகவேண்டும் என்று என்னளவுக்கு யாரும் சொல்லித்தர முடியாது.

அவளுக்கும் சொன்னேன். கிண்ணமும் கரண்டியும் சொந்தமாக வேண்டும், இல்லாவிட்டால் சூப்பைக் கையில்தான் ஏந்த வேண்டியிருக்கும். பையைத் தூளிக் கயிற்றோடு சேர்த்துக் கட்டவேண்டும். பக்கத்துத் தூளியைவிட ஒரு சாண் உயரத்தில் கட்டவேண்டும். இல்லையென்றால் அடுத்தவர் முழங்கால் விடிய விடிய நம் விலாவில்தான்.

எல்லாவற்றையும் கவனமாகக் கேட்டாள். பிறகு தன் தூளியை என் தூளிக்குச் சரியான மட்டத்தில் கட்டினாள்.

மத்தியானத்துக்குள் ஆள் காலி. ஒளிப்பானேன், எனக்கு அவளை அவ்வளவு பிடித்துவிட்டது. சிரித்தால் தூளியே குலுங்கும்படி சிரிப்பாள்.

அப்புறம்தான் உறைத்தது. தளம் நிறைந்தால் லாஞ்சு கிளம்பும். லாஞ்சு கிளம்பினால் அவள் போய்விடுவாள். தளத்தை நிறைக்கத்தான் எனக்குச் சோறு போடுகிறார்கள்.

உண்ட வீட்டுக்கு இரண்டகம் செய்யத் துணிந்தேன்.

கைக்குழந்தையோடு ஒருத்தி படிக்கட்டில் தயங்கி நின்றாள். "கீழ பன்னி ஏத்தியிருக்காங்கக்கா. ராத்திரி பூரா கத்தும்" என்றேன்.

"ரொம்ப நல்ல பன்னிங்கக்கா, சத்தமே காணோம்!" என்றாள் நெல்சி. "இந்தப் பக்கம் வாங்க, குழந்தைக்குக் காத்து வரும்."

வந்துவிட்டாள். பின்னாலேயே அவள் மாமியார், இரண்டு நாத்தனார், ஒரு கிளி.

அடுத்து ஒரு துணி வியாபாரி. ஆற்றில் தண்ணீர் வற்றிவிட்டது, லாஞ்சு மணலில் தட்டினால் இரண்டு நாள் நகராது என்று அவரிடம் மெல்ல எடுத்துவிட்டேன்.

"தட்டினா என்ன, இறங்கி மீன் பிடிச்சுச் சுட்டுத் தின்னலாமே!" என்றாள் அவள். மனுஷன் அப்போதே நாக்கைச் சப்புக்கொட்டிக்கொண்டு, மாட்டுவதற்குத் தன் தூளிச் சுருளை அவிழ்த்தார்.

நான் ஒருவரை விரட்டினால் அவள் மூன்று பேரை இழுத்தாள். அத்தையைப் பார்க்க அப்படி என்ன அவசரம்?

முதல் சங்கு ஊதியது. கொக்கி ஒன்றுகூட மிச்சமில்லை. அந்த அக்காவின் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு நெல்சி என்னையே பார்த்தாள். ஏதோ சொல்ல வாயெடுத்து, சுற்றிலும் ஆட்களைப் பார்த்துவிட்டுக் குழந்தையின் பக்கம் குனிந்துகொண்டாள். எனக்கும் அதே நிலைமைதான். இத்தனை பேர் நடுவில் என்ன சொல்ல?

இரண்டாவது சங்கு.

வழக்கமாக என் கை தானாகவே முடிச்சுக்குப் போகும். அன்று போகவில்லை. விடுவிடுவென்று கீழே இறங்கினேன். நடைபலகை வழியாகக் கரைக்குப் போகாமல் நேராகக் கேப்டன் அறைக்குப் போனேன்.

"எனக்கும் ஒரு சீட்டு போடுங்க. சான் எலோய்."

"கிறுக்கு புடிச்சிருச்சாடா உனக்கு?" என்றார் கேப்டன். ஆனாலும் சம்பளத்தில் கழித்துக்கொண்டு சீட்டைக் கிழித்துக் கொடுத்தார்.

கதவுக்கு வெளியே வாழைத்தாரும் கோழிக்கூடையுமாக வழியை அடைத்துவிட்டார்கள். எல்லாவற்றையும் தாண்டிக்கொண்டு நான் மேலே ஏறியபோது மூன்றாவது சங்கும் ஊதி, நடைபலகையை உள்ளே இழுத்துவிட்டார்கள். அவளிடம் என்ன சொல்வது என்று படிக்கட்டு முழுக்க ஒத்திகை பார்த்துக்கொண்டே வந்தேன்.

அவள் தூளி இல்லை.

என் தூளியும் இல்லை. இரண்டு கொக்கிகளும் வெறுமனே இருந்தன. துணி வியாபாரி ஒன்றில் தொப்பியை மாட்டிக்கொண்டிருந்தார்.

கயிறு சுற்றிக்கொண்டு வந்த சிப்பந்தி பெர்சி என்னைப் பார்த்து வாயைப் பிளந்தான்.

"டேய் அப்சலோன், நீ இன்னும் எறங்கலையா?"

"நெல்சி எங்கடா?"

"அவளா? அவளும் உன்னமாதிரி சும்மா தொங்கற ஆளுதான்டா, நேத்துதான் கேப்டன் சேர்த்தாரு. நீ யாருன்னு சொல்லித்தான் உன் பக்கத்துல கட்டவெச்சாரு. நீ அவசரத்துல தூளிய மறந்துட்டுக் கரைக்குப் போயிட்டன்னு அதையும் அவிழ்த்து எடுத்துட்டு எறங்கிட்டா."

தளத்தோரக் கம்பிக்கு ஓடினேன். அதற்குள் கரைக்கும் லாஞ்சுக்கும் நடுவில் ஆறு அகலமாகியிருந்தது. கத்தினேன், இன்ஜின் சத்தத்தில் எனக்கே கேட்கவில்லை.

கரையில் நெல்சி நின்றாள். இரண்டு தூளிகளையும் சேர்த்துச் சுருட்டி மார்போடு அணைத்திருந்தாள். பழச்சாற்றுக் கடையில் எட்டிப் பார்த்தாள். மீன் வறுக்கிற இடத்தில் ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். யாரிடமோ ஏதோ கேட்டாள், அவர் உதட்டைப் பிதுக்கினார். நகர்ந்து அடுத்த கடைக்குப் போனாள்.

லாஞ்சின் பக்கம் மட்டும் அவள் திரும்பவே இல்லை.