சுற்று பூஜ்யம்

விண்கலம் கிளம்பிய வருடம், அதன் செய்தியிலிருந்த பிழைகளைத் திருத்த எங்கள் கருவிக்கு இரண்டு சுற்று போதுமாக இருந்தது. கலம் விலக விலகச் சுற்றுகள் கூடின. சுற்று கூடக்கூட மின்சாரமும் நேரமும் கூடுதலாகத் தின்றது கருவி. நேற்று நாற்பது சுற்று.

"அதுக்கு மேல மெஷின் தாங்காதும்மா. இன்னிக்கும் தெளியலன்னா தலைமுழுகிட வேண்டியதுதான்," என்றார் மேலாளர்.

பதினேழு வருடம் அந்தக் கலத்தோடு குப்பை கொட்டியவள் நான். தினமும் காலை பத்து மணிக்கு "நலமா?" என்று அனுப்பிவிட்டு, கண்ணில் அடிக்கும் வெயிலுக்காக ஜன்னல் திரைச்சீலையை இழுத்து மூடிவிடுவேன். கேள்வி போய்ச்சேர ஐந்து மணி நேரம்; பதில் வர இன்னொரு ஐந்து.

இன்றும் அனுப்பினேன். விரல் இன்னும் பொத்தானில்தான் இருந்தது.

"நலம்."

பிழை பூஜ்யம். சுற்று பூஜ்யம். தாமதம் பூஜ்யம்.

"மெஷின் புட்டுக்கிச்சா?"

"இல்ல சார். மூணு தடவ பாத்துட்டேன். சிக்னல் கிட்டக்க இருந்துதான் வருது."

"எவ்ளோ கிட்டக்க?"

அவர் கண்களை இடுக்கினார்.

"ரூமே இருட்டா இருக்கே. ஜன்னல் ஸ்கிரீன இழுத்துட்டியா?"

திரும்பிப் பார்த்தேன்.

"இன்னும் இழுக்கல சார்."