மீன்காரம்மாவின் சம்மதம்

இந்த முறையாவது காப்பாற்றிவிடுவார்கள் என்று நம்பினாள்.

மேசையில் அவள் பென்சிலால் வரைந்த ஆறு. கரையோரமாகக் குடிசைகள். சுற்றிலும் நான்கு பேர், ஆறிப்போன காபி, சிந்திய மிக்சர், பகடைகள்.

ஞாயிறுதோறும் ஆடும் ஆட்டம். கதையின் உலகத்தை அவள் சொல்வாள். அதற்குள் வீரர்களாகவும் மந்திரவாதிகளாகவும் திரிவது இந்த நால்வர். அவர்கள் செய்ததாகச் சொன்னால் அது நடந்ததுதான். சந்தேகம் வந்தால் பகடை சொல்லும். பகடை சொன்ன பிறகு யாருக்கும் பேச்சில்லை, அவளுக்கும்.

உலகத்தைப் படைத்தவள் என்பதெல்லாம் பேருக்குத்தான்.

இந்த ஆற்றங்கரையை அவள் கற்பனையில் எடுக்கவில்லை. பிறந்து வளர்ந்த இடம். கூவத்துக்கு வேறு பெயர் வைத்தாள். லாரிகளுக்குப் பதில் அரசனின் மாட்டுவண்டிகள். மற்றதெல்லாம் அப்படியே. குழாயடி, முருங்கை மரம், மீன்கூடைக்குப் பின்னால் தனபாக்கியம்.

தனபாக்கியம் அவளுடைய அம்மா. பெயரைக்கூட மாற்ற மனம் வரவில்லை.

விடிவதற்குள் காலி செய்ய வேண்டும் என்று அரசன் ஆணை. ஆற்றை அழகாக்கப் போகிறானாம்.

தடுப்பதற்கு வழிகளைத் தாராளமாகவே ஒளித்து வைத்திருந்தாள். தளபதி அதே குடிசைகளில் ஒன்றில் பிறந்தவன். ராணிக்கு அந்த ஆணையே தெரியாது. எதைத் தொட்டிருந்தாலும் போதும். போன மாதம் ஒரு டிராகனையே சாய்த்தவர்கள் இவர்கள்.

யாரும் எதையும் தொடவில்லை.

"அக்கா, இவங்க எல்லாரையும் நான் மலை மேல கொண்டுபோய் வச்சிடறேன்," என்றான் ஹர்ஷித். அவன்தான் மந்திரவாதி. "மந்திரத்துலயே வீடு கட்டித் தர்றேன். கல்லு வீடு. வெள்ளம் வராது, நாத்தம் கிடையாது."

மற்ற மூவரின் முகமும் மலர்ந்தது.

நல்ல பிள்ளைகள். அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. கெட்டவர்களாக இருந்தால் எதிரே ஒரு படையை நிறுத்தியிருப்பாள்.

"அவங்க பொழப்பு ஆத்தங்கரையில இருக்கு," என்றாள். "மலையில யாருகிட்ட மீன் விப்பாங்க?"

நிகிதா தலையைச் சாய்த்துப் பார்த்தாள். "இது அவங்க சொல்றாங்களா, நீங்க சொல்றீங்களாக்கா?"

நியாயமான கேள்வி. உலகத்தைச் சொல்பவர் யார் பக்கமும் சேரக்கூடாது.

"தனபாக்கியம் சொல்றாங்க."

"அப்ப அவங்களை நான் பேசிச் சம்மதிக்க வைக்கிறேன்," என்று ஹர்ஷித் இருபது முகப் பகடையை எடுத்தான்.

ஒன்று விழட்டும், அவன் பேச்சு எடுபடாமல் போகட்டும் என்று வேண்டிக்கொண்டாள். சாமி கும்பிடும் பழக்கம் இல்லாதவள்.

இருபது விழுந்தது.

நாற்காலிகள் பின்னால் நகர்ந்தன. கையோடு கை தட்டிக்கொண்டார்கள். இருபது விழுந்தால் முழு மனதோடு சம்மதம் என்று அர்த்தம். இந்த மேசைக்கு அந்த விதியை வைத்ததே அவள்தான்.

கூவக்கரையைக் காலி செய்த அன்றைக்கும் எல்லோரும் சம்மதித்துத்தான் போனார்கள் என்று பேச்சு.

லாரி வந்தபோது பள்ளிச் சீருடையில் நின்றிருந்தாள். அம்மா முதலில் ஏற்றியது மீன்கூடையை. ஊருக்கு வெளியே அரசாங்கம் கொடுத்த ஏழாவது மாடி வீட்டில், பால்கனி மூலையில் இன்னும் கிடக்கிறது அந்தக் கூடை. மீன் வாசம் எப்போதோ போய்விட்டது. லிஃப்ட் ஓடாத நாட்களில் அம்மா கீழே இறங்குவதே இல்லை.

ரப்பரை எடுத்தாள். கரையோரக் குடிசைகளை ஒவ்வொன்றாக அழித்தாள்.

மலை மேல் சின்னச் சின்னக் கட்டங்கள் வரைந்தாள். பக்கத்தில் பக்கத்தில் வரையத்தான் நினைத்தாள். கை ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கிக்கொண்டே போனது.

"அந்தம்மா என்னக்கா சொல்றாங்க?"

ஹர்ஷித் நன்றியைக் கேட்கக் காத்திருந்தான். சம்மதத்தை இனி மாற்ற முடியாது. அதை எந்த வார்த்தையில் சொல்வது என்பது மட்டும் அவளிடம் மிச்சமிருந்தது.

இடுப்பில் கூடை இருப்பதுபோல் கை வளைந்தது. அம்மாவின் குரல் தானாக வந்தது.

"சரி நைனா, போறோம். எங்களுக்கு எத்தினியாவது மாடி?"

மலையில் மாடி ஏது என்று ஹர்ஷித் சிரித்தான்.

நிகிதா மேசையில் இருந்த தாளைப் பார்த்தாள். பிறகு அவளைப் பார்த்தாள்.

சொல்வது யார் என்று இந்த முறை கேட்கவில்லை.